கிராமத்தார் வாக்கு மந்தை வாக்கா?

செங்கற்பட்டுச் சீமையிலும் அதையொட்டிய மாமல்லபுரம் கடற்கரையிலும் ஊராட்சித் தேர்தல் நடந்து முடிகிற ஒவ்வொரு முறையும், சென்னைப் பட்டணத்தின் படித்த வட்டாரங்களில் ஓர் அபிப்பிராயம் தீர்ப்பைப் போல வழங்கப்படுகிறது. கோட்டையில் எவர் இருக்கிறார்களோ அவர்கள் பக்கமே கிராமத்து ஜனங்கள் சாய்வார்கள். வாங்கிய பணத்துக்கும் பிறந்த ஜாதிக்கும் கட்டுப்பட்டுச் சீட்டைப் போடுவார்கள். ஆகையால் ஊராட்சித் தேர்தல் வீண் செலவு, நல்ல அதிகாரி ஒருவரை நியமித்துவிட்டால் காரியங்கள் ஒழுங்காக நடக்கும் என்பதே அதன் சாரம். இதைச் சொல்லுகிறவர்களில் பலர் தேசத்தின் க்ஷேமத்தில் உண்மையான அக்கறை உடையவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆயினும் இந்த அபிப்பிராயம் நடந்த விஷயங்களுக்கு விரோதமானது என்றும், இது பரவலாக நிலவியதனாலேயே இந்த ஜில்லாவின் கிராமங்கள் ஐந்து வருஷ காலம் தமக்கென்று பேச ஒருவரும் இல்லாமல் கிடந்தது எவருக்கும் உறுத்தவில்லை என்றும் நான் கருதுகிறேன்.

கிராமம் எப்போதும் ஆளுங்கட்சியின் பின்னால் போகிறது என்பது இவர்களுடைய முதல் வாதம். 2021 அக்டோபர் 6, 9 ஆகிய தேதிகளில் செங்கற்பட்டு உட்பட ஒன்பது ஜில்லாக்களில் தேர்தல் நடந்தது. அதற்கு ஐந்து மாதம் முன்பு பதவியேற்றிருந்த தி.மு.க.வின் அணி ஒன்பது ஜில்லா ஊராட்சிகளையும் கைப்பற்றியது. 2011இல் அ.தி.மு.க.வும் 2006இல் தி.மு.க.வும் ஆட்சிக்கு வந்த கையோடு இவ்விதமே ஊராட்சிகளில் மேலோங்கின. இவற்றை வரிசையாக எடுத்துவைத்து, இதோ மந்தை என்று முடித்துவிடுகிறார்கள். கட்சிகளின் பெயரோடு மாதங்களின் பெயரையும் சேர்த்துப் பார்த்திருந்தால் அவ்வளவு அவசரமாக முடித்திருக்க மாட்டார்கள். அரசியல் சட்டத்தின் 73ஆம் திருத்தம் 1993இல் அமலாகி, மறு வருஷம் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்த பிறகு, 1996, 2001, 2006, 2011 ஆகிய நான்கு தடவையும் சட்டசபைத் தேர்தல் கோடையில் முடிந்து, அதே வருஷத்து ஐப்பசியை ஒட்டி ஊராட்சித் தேர்தல் வந்தது. கோடையில் ஓர் ஆட்சியை மாற்றிவிட்டு வந்த பிரஜை, அந்த ஆட்சி ஏதும் செய்யவோ செய்யத் தவறவோ அவகாசம் பெறாத ஐந்தாம் மாதத்தில் மறுபடியும் கேட்கப்பட்டால், முன்பு சொன்னதையே திரும்பச் சொல்வதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? அவன் தன் தீர்மானத்தில் உறுதியாக இருந்தான் என்று அதற்கு அர்த்தம் சொல்வதுதான் நியாயம்.

இந்த நியாயத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு சந்தர்ப்பமும் வந்தது. நீதிமன்ற வழக்குகளால் தள்ளித் தள்ளிப் போன தேர்தல், 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் இருபத்தேழு ஜில்லாக்களில், அதாவது சட்டசபைத் தேர்தல் நடந்து மூன்றரை வருஷம் கழிந்த பிறகு நடந்தது. அப்போது ஆட்சியில் இருந்தது அ.தி.மு.க. கிராமம் கோட்டையைப் பார்த்தே சீட்டுப் போடுகிறதென்பது மெய்யானால், அந்தக் கட்சியே பெருவாரியாக வென்றிருக்க வேண்டும். 515 ஜில்லா ஊராட்சி வார்டுகளில் எதிர்க்கட்சியாயிருந்த தி.மு.க.வின் அணியே அதிக இடங்களைப் பெற்றது. நகராட்சிகளுக்கும் மாநகராட்சிகளுக்கும் அப்போது தேர்தல் இல்லை; சீட்டுப் போட்டவர்கள் முழுக்கக் கிராமத்தார். அவகாசம் கிடைத்தபோது ஆளுகிறவர்களை எடைபோட்டு, அவர்களுக்கு விரோதமாகத் தீர்ப்புச் சொல்லவும் அவர்கள் தயங்கவில்லை. இந்த ஒரு தேர்தலை மட்டும் மறந்துவிட்டுத்தான் மந்தை என்னும் சித்தாந்தத்தைக் காப்பாற்ற முடியும்.

அதே வருஷம் ஏப்ரல் 18 அன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். பாராளுமன்றத்துக்கும், காலியாயிருந்த சில சட்டசபை ஸ்தானங்களுக்கும் ஒரே நாளில் வாக்கெடுப்பு நடந்தபோது, கரிசல் காட்டு விளாத்திகுளம் சட்டசபைக்கு அ.தி.மு.க. வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தது, அந்த ஊர் அடங்கிய தூத்துக்குடித் தொகுதியோ தி.மு.க.வின் கனிமொழியை மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் டில்லிக்கு அனுப்பியது. செங்கற்பட்டு ஜில்லாவுக்குள்ளேயே 2021 சட்டசபைத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். மதுராந்தகமும் செய்யூரும் பக்கத்துப் பக்கத்துத் தொகுதிகள், இரண்டும் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டவை, இரண்டிலும் ஏரிப் பாசனமும் கூலி வேலையுமே ஜீவனம், ஒன்று அ.தி.மு.க.வுக்குப் போயிற்று, மற்றொன்று விடுதலைச் சிறுத்தைகள் கட்சிக்கு. வடக்கே திருப்போரூர் பொதுத் தொகுதி; அங்கும் விடுதலைச் சிறுத்தைகளே வென்றார்கள், இரண்டாயிரம் வாக்குகள்கூட இல்லாத வித்தியாசத்தில். எண்ணிப் பாராமல் ஒரே திசையில் நடக்கிற கூட்டம் இப்படிப்பட்ட முடிவுகளைத் தருவதில்லை.

ஊராட்சித் தேர்தலின் வாக்குச்சாவடியைப் பார்த்திராதவர்களுக்கு அதன் அமைப்பைச் சிறிது விவரிக்க வேண்டியிருக்கிறது. கிராமத்து வாக்காளர் கையில் நான்கு சீட்டுகள் தரப்படுகின்றன: தம் வார்டு உறுப்பினருக்கு ஒன்று, ஊராட்சித் தலைவருக்கு ஒன்று, ஒன்றிய வார்டுக்கு ஒன்று, ஜில்லா ஊராட்சி வார்டுக்கு ஒன்று. இளஞ்சிவப்பு தலைவருக்கு, பச்சை ஒன்றியத்துக்கு, மஞ்சள் ஜில்லாவுக்கு என்று நிறமே வேறு. முதல் இரண்டில் கட்சிச் சின்னம் கிடையாது; பூட்டு சாவி, ஆட்டோ ரிக்ஷா போன்ற பொதுச் சின்னங்கள்தான். பின் இரண்டில் கட்சிச் சின்னங்கள் உண்டு. தெருக்குழாய், மின்விளக்கு, மயானப் பாதை, ஏரிக்கால்வாய் இவற்றுக்குப் பொறுப்பானவரைத் தேர்வு செய்யும்போது கிராமத்தார் கேட்கிற கேள்விகள் வேறு: நடுநிசியில் சாவு விழுந்தால் வருவாரா, வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் நின்று பேசுவாரா, போன தடவை கிராம சபையில் கணக்கை வாசித்தாரா? ஒரே வீட்டில் மாமியார் ஒரு தலைவருக்கும் மருமகள் வேறொரு தலைவருக்கும் போட்டுவிட்டு, ஒன்றியத்துக்கு இருவரும் ஒரே சின்னத்தில் முத்திரை குத்துவது இங்கே சாதாரணம். அந்த இரண்டாவது காரியத்தை மட்டும் தனியே பிரித்தெடுத்துக் கட்சிப் பித்து என்கிறார்கள்.

அதுவும் பித்தன்று என்பதே என் கட்சி. ஒன்றியத்துக்கும் ஜில்லா ஊராட்சிக்கும் சொந்தமாக வரி விதித்து வசூலிக்கத் தக்க வழி மிகக் குறைவு. வருகிற பணம் அநேகமாக மாநில நிதி ஆணையத்தின் பங்கீடாகவோ, மத்திய மானியமாகவோ, இன்ன சாலை இன்ன கட்டிடம் என்று மேலேயே பெயர் எழுதப்பட்ட திட்டமாகவோதான் வருகிறது. அரசியல் சட்டத்தின் பதினோராவது அட்டவணையில் விவசாயம், குடிநீர், ஆரம்பக் கல்வி, சுகாதாரம் என்று இருபத்தொன்பது விஷயங்கள் ஊராட்சிகளுக்கு உரியனவாக எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் அவற்றை நடத்தும் உத்தியோகஸ்தர்களும் பணமும் இலாகாக்களின் கையிலேயே இருக்கின்றன. 1994ஆம் வருஷத்துச் சட்டத்தின் 205ஆம் பிரிவின்படி, ஜனங்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த தலைவரை நீக்கும் நடவடிக்கை ஜில்லா கலெக்டரிடமிருந்து புறப்படுகிறது. பக்கத்துக் கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்தில் மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஸ்தல ஸ்தாபனங்களின் தீர்மானத்துக்கு விடப்பட்டது. அப்படி ஒன்று இங்கே நடக்கவில்லை. சாவி கோட்டையில் இருக்கிறதென்று தெரிந்த குடும்பத் தலைவி, கோட்டையோடு பேசக்கூடியவரை ஒன்றியத்துக்கு அனுப்பினால், அது இருக்கிற அமைப்பைச் சரியாகப் புரிந்துகொண்ட விவேகம். குறை இருப்பது அமைப்பில்.

கிராமத்தாரை இப்படி நிந்திப்பது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் உள்நாட்டுக் கவுண்டிகள், அதாவது நம் ஜில்லாக்களைப் போன்ற பிரிவுகள், தம் சொந்த நலனுக்கு விரோதமாகவே வாக்களிக்கின்றன என்று அந்நாட்டு நகரத்து எழுத்தாளர்கள் வெகுகாலமாக எழுதிவருகிறார்கள். தாமஸ் ஃப்ராங்க் என்பவர் கான்சஸ் மாநிலத்தை வைத்து 2004இல் எழுதிய புத்தகம் பிரசித்தமானது. ஆனால் அந்தக் கவுண்டிகளில் நம்மவர்கள் கவனிக்கத் தக்க ஓர் அம்சம் இருக்கிறது. டெக்ஸாஸ் மாநிலத்தின் லவிங் கவுண்டியில் 2020ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி இருந்தவர்கள் 64 பேர். அந்த 64 பேருக்கும் தம் கவுண்டியின் நிர்வாகத் தலைவரையும் ஷெரீஃப்பையும் தாமே தேர்ந்தெடுக்கவும், தேர்ந்தெடுத்தவர்கள் மூலம் சொத்து வரியைத் தாமே நிர்ணயிக்கவும் உரிமை உண்டு. இத்தனை சிறிய சமுதாயத்துக்கு இது தகுமா என்று அங்கே சர்க்கார் கேட்பதில்லை. செங்கற்பட்டு ஜில்லாவின் 359 ஊராட்சிகளில், புறநகரை ஒட்டிப் பல்லாயிரம் ஜனங்களைக் கொண்டு ஒரு சிறு பட்டணமாகவே வளர்ந்துவிட்ட ஊராட்சிகள் பல. தம் எல்லைக்குள் எழும் மனைப்பிரிவைத் தடுத்து நிறுத்த அவற்றுக்கு அதிகாரம் இல்லை. நெம்மேலிக் கடற்கரையில் 2013இல் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டரும், 2024இல் மேலும் பதினைந்து கோடி லிட்டரும் சென்னைக்கென்று கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் எழுந்தபோது, எங்கே எழ வேண்டும் என்பது அந்தக் கரையின் ஊராட்சிகள் செய்த தீர்மானம் அன்று.

இனிப் பணத்தைப் பற்றி. வாக்குக்குப் பணம் கொடுக்கப்படுகிறது. அதை நான் மறுக்கவில்லை. அது கிராமத்தின் நோய் என்பதை மறுக்கிறேன். பணப் பட்டுவாடாவின் காரணமாக 2017 ஏப்ரலில் தேர்தல் ஆணையம் இடைத்தேர்தலையே ரத்து செய்தது ராதாகிருஷ்ணன் நகரில். அது சென்னைப் பட்டணத்துக்குள் இருக்கிற தொகுதி. வாக்குச்சாவடிக்கு வருவதையே அக்கறையின் முதல் அடையாளமாகக் கொண்டால், 2021 அக்டோபரில் ஒன்பது ஜில்லாக் கிராமங்களில் நூற்றுக்கு எழுபத்தேழு பேருக்கு மேல் வந்தார்கள். நான்கு மாதம் கழித்து 2022 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சித் தேர்தலில் வந்தவர்கள் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேர்கூட இல்லை. தம் வார்டு கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்க வீட்டைவிட்டு வெளியே வராத நகரம், வயல் வேலையை விட்டு வரிசையில் நின்ற கிராமத்துக்கு ஜனநாயகம் போதிப்பது பொருந்தாது.

ஜாதியைப் பற்றிய குற்றச்சாட்டோ கனமானது. அதை இவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது, தள்ளவும் கூடாது. மேலவளவில் ஊராட்சித் தலைவரான முருகேசனும் அவருடன் வந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டதையும், பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட ஒரே காரணத்தால் 2006 வரை முறையான தேர்தல் நடக்கவிடப்படாததையும் மறந்து கிராமத்தைப் புகழ்கிறவன் நேர்மையானவன் ஆகமாட்டான். தலைவர் பதவியை ஏலம் விட்டு, வந்த பணத்தைக் கோயில் திருப்பணிக்குச் செலவிடும் வழக்கமும் குற்றமே. கோயிலுக்குப் போனதால் அது புண்ணியம் ஆகாது. ஆனால் இந்த அக்கிரமங்களைச் செய்தவர்கள் யார், யாருக்கு விரோதமாகச் செய்தார்கள்? வாக்குரிமையால் பதவி கைமாறிவிடுமே என்று அஞ்சியவர்கள், வாக்குரிமையால் முதன்முதலாகப் பதவி பெற்றவர்களுக்கு விரோதமாகச் செய்தார்கள். வாக்குக்கு வலிமை இல்லையென்றால் அதைத் தடுக்கக் கொலை வரை போயிருக்க வேண்டியதில்லை. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர் கிராமத்தைக் கடுமையாகக் கண்டித்தார் என்பதை இன்று பலரும் மேற்கோளாக எடுத்துக்காட்டுகிறார்கள். அவர் கண்டித்தது கிராமத்தில் ஆதிக்கம் செய்தவர்களின் குறுகிய உலகத்தை. இன்றைய பட்டணத்து நண்பர்கள் ஏளனம் செய்வதோ அந்த ஆதிக்கத்தின் கீழ் இருந்து இப்போதுதான் சீட்டைக் கையில் வாங்கியவர்களை. கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தால் அதே மாதத்தில் கிராமப் பஞ்சாயத்து அரசியல் சட்டத்தில் இடம்பெற்றது. அம்பேத்கரின் ஆட்சேபத்துக்கு நாற்பத்தைந்து வருஷம் கழித்து 73ஆம் திருத்தம் இட ஒதுக்கீட்டைக் கொண்டு ஓரளவு சமாதானம் சொன்னது.

மாமல்லபுரத்துக்கு வடக்கிலும் தெற்கிலும் கோவளம் முதல் கடப்பாக்கம் வரையில் உள்ள மீனவர் குப்பங்களைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. அங்கே சர்க்காரின் ஊராட்சிக்கு வெகு முற்பட்ட ஊர்ப் பஞ்சாயத்து இன்றும் உயிரோடு இருக்கிறது. வலைத் தகராறும் கடல் தகராறும் அதன் முன்னால்தான் தீர்கின்றன. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு வந்த நிவாரணத்தைப் பல குப்பங்களில் அதுவே பங்கிட்டது. ஊர்க்கட்டுப்பாட்டுக்கு அஞ்சிக் குப்பம் முழுவதும் ஒரே வேட்பாளருக்குப் போடுகிறது என்று இதையும் குறையாகச் சொல்கிறார்கள். உள்நாட்டு விவசாய ஊர்களோடு சேர்த்துக் கட்டப்பட்ட ஓர் ஊராட்சியில் குப்பத்துக்குக் கிடைப்பது ஒரு வார்டோ இரண்டோ. தங்களுக்குள் மூன்று பேர் போட்டியிட்டு வாக்கைச் சிதறடித்தால், கடலரிப்புக்குக் கல் கொட்டச் சொல்லி எழுந்து பேச அவர்களுக்கு ஓர் ஆளும் மிஞ்சமாட்டார். எண்ணிக்கையில் சிறிய சமூகம் ஒன்றுபட்டு வாக்களிப்பது தற்காப்பு. அந்த ஊர்ப் பஞ்சாயத்தில் பெண்களுக்கு இடம் இல்லாதது மெய்யான குறை. சட்டப்படியான ஊராட்சியிலோ 2016ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி பாதி இடம் அவர்களுடையது. அந்தக் குறைக்குப் பரிகாரமும் தேர்தலிலேதான் இருக்கிறது.

நல்ல அதிகாரி போதும் என்கிற வாதம் இவையெல்லாவற்றையும்விட மயக்கும் சக்தி உடையது. ஏனென்றால் இந்த ஜில்லாவில் மெய்யாகவே நல்ல அதிகாரிகள் இருந்திருக்கிறார்கள். 1790களின் கடைசியில் மதுராந்தகம் ஏரியைச் செப்பனிட்ட கலெக்டர் பிளேஸ் துரையின் பெயர் ஏரி காத்த ராமர் கதையோடு சேர்ந்து இன்றும் வழங்குகிறது. அவரினும் மேலாக நான் மதிப்பவர் ட்ரெமன்ஹீர். செங்கற்பட்டு ஜில்லா கலெக்டராக இருந்த அவர் 1891இல் இங்குள்ள பறையர் மக்கள் குடியிருக்கும் மனைகூடத் தமதென்று இல்லாமல் வாடுவதை விவரமாக எழுதி மேலே அனுப்பினார். அதன் பயனாக 1892இல் சர்க்கார் உத்தரவு பிறந்து, பஞ்சமி நிலம் என்று பின்னால் பெயர் பெற்ற நிலங்கள் ஒப்படைக்கப்பட்டன. ஒரு தனி அதிகாரியின் தர்ம சிந்தனைக்கு இதைவிட உயர்ந்த உதாரணம் தமிழ்நாட்டில் அரிது. அந்த நிலங்கள் என்ன ஆயின? பிறருக்கு விற்கக் கூடாதென்ற நிபந்தனை இருந்தும், அவற்றில் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று. கணக்கு எழுதுகிற இடத்திலும் தீர்மானம் போடுகிற இடத்திலும் அந்த மக்களுக்கு ஆள் இல்லை. நூறு வருஷம் கழித்துக் காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். நல்ல அதிகாரி கொடுத்ததைக் காத்துக்கொள்ளும் பலம், பெற்றவர்களுக்கு அதிகாரத்தில் பங்கு இருந்தால்தான் வரும்.

பழைய கதையை விட்டு அண்மைக் காலத்துக்கு வருவோம். 2016 அக்டோபரில் நடக்க இருந்த தேர்தலின் அறிவிப்பு விதிப்படி அமையவில்லை என்று உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்த மாதமே ஊராட்சிகளின் காலம் முடிந்து, வட்டார வளர்ச்சி அலுவலர்கள் தனி அலுவலர்களாக வந்தார்கள். 2019இல் மற்ற ஜில்லாக்களுக்குத் தேர்தல் வந்தபோதும், காஞ்சிபுரத்திலிருந்து அப்போதுதான் பிரிக்கப்பட்டிருந்த செங்கற்பட்டுக்கு அது இல்லாமற்போயிற்று. ஆக இங்கே ஐந்து வருஷம் அதிகாரிகளின் நிர்வாகம், நண்பர்கள் கேட்ட அதே நிர்வாகம், நடந்தது. ஓர் அலுவலருக்கு ஒன்றியத்தின் எல்லா ஊராட்சிகளும் பொறுப்பு. எந்த ஊரில் எந்த மோட்டார் பழுதென்று அவருக்குத் தெரிய நியாயமில்லை, அவர் அயோக்கியரென்று நான் சொல்லவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட சபை இல்லாததால் மத்திய நிதி ஆணையத்தின் மானியமும் தடைப்பட்டது. 2019 கோடையில் சென்னை தண்ணீருக்குத் தவித்தபோது, சுற்றுக் கிராமங்களின் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் போயிற்று. எவ்வளவு போகலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று கேட்க அந்தக் கோடையில் இந்த ஜில்லாவில் ஓர் ஊராட்சித் தலைவரும் பதவியில் இல்லை. தேர்தல் வீண் செலவென்பவர்கள் இந்தக் கோடையின் செலவையும் கணக்கில் சேர்க்கட்டும்.

கடைசியாக உத்திரமேரூர். அதிகாரி வேண்டும் என்பவர்களே வேறொரு மேடையில் அவ்வூரின் பழைய குடவோலைத் தேர்தல் முறையைப் புகழ்ந்து, அன்று தகுதி பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள், இன்றும் படிப்புத் தகுதி வைக்க வேண்டும் என்கிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆகிய வருஷங்களில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பொறிக்கப்பட்ட, அந்த முறையைச் சொல்லும் சாஸனம் தமிழர் பெருமைப்படத் தக்கது. பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய சுற்றத்தாரையும் அது விலக்கியது, மூன்று வருஷத்துக்குள் பதவி வகித்தவரை மறுபடி குடத்தில் போடவில்லை. இந்த விதிகளை இன்று கொண்டுவரச் சொன்னால் நானும் கூட நிற்பேன். ஆனால் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உடையவர்க்கே அங்கு இடம். அது ஒரு சதுர்வேதிமங்கலத்தின் சபை. ஹரியாணா படிப்புத் தகுதியைச் சட்டமாக்கியது, 2015இல் உச்ச நீதிமன்றம் அதை அனுமதித்தது. ராஜஸ்தான் அத்தகைய சட்டத்தைச் செய்து, பலன் பார்த்து, 2019இல் விலக்கிக்கொண்டது. அந்த அளவுகோலை இங்கே கொண்டுவந்தால் முதலில் தள்ளப்படுபவர்கள் இருளர்கள். பாட்டன் வழி வந்த பாம்பறிவைக் கொண்டு அமெரிக்காவின் ஃப்ளோரிடா வரை அழைக்கப்பட்டு, 2023இல் பத்மஸ்ரீ பெற்ற வடிவேல் கோபாலும் மாசி சடையனும் இந்த ஜில்லாவின் இருளர்களே. அவர்களுடைய அறிவைத் தேசம் கௌரவிக்கலாம், அவர்களுடைய இனத்தார் ஊராட்சியில் உட்காரக் கூடாது என்பது எந்த நியாய சாஸ்திரத்திலும் சேராது.

இந்த ஜில்லாவின் ஊராட்சிகளுக்கு 2021இல் தொடங்கிய காலம் ஐந்து வருஷம். 2026 அக்டோபருடன் அது முடிகிறது. காலம் முடியுமுன் அடுத்த தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243-ஈ பிரிவு தெளிவாகச் சொல்கிறது. மறுவரையறை, ஒதுக்கீடு, புதிய நகராட்சிகளின் எல்லை என்று எந்தக் காரணம் சொல்லப்பட்டாலும் அந்த வேலைகளை முன்கூட்டியே முடித்துவைப்பது மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் சர்க்காருக்கும் உரிய கடமை. வார்டு எல்லைகளின் வரைவையும் வாக்காளர் பட்டியலையும் கிராம சபையின் முன் வைத்து, ஆட்சேபங்களை அங்கேயே எழுதி வாங்கி, முறைப்படி பைசல் செய்துவிட்டால், அறிவிப்பில் குறை இருந்ததென்று நீதிமன்றம் மறுபடியும் சொல்ல இடம் இராது; தனி அலுவலர்களுக்கு இன்னோர் உத்தரவு எழுதவும் அவசியம் நேராது.